பட்டமும் ராக்கெட்டும் எவ்வளவு உயரம் போகிறது? கடற்கரையில் நின்று அளக்கும் முறைகள்

கடலூர் சில்வர் பீச்சில் மாலையில் பட்டம் விடுகிற யாரைக் கேட்டாலும் "ஐந்நூறு அடி இருக்கும்" என்று சொல்வார்கள். அளந்து பார்த்தால் பல நேரம் அதில் பாதிகூட வராது. இதில் பொய் ஒன்றும் இல்லை. வானத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு மரமோ வீடோ கிடையாது, அதனால் கண் தடுமாறுகிறது. விட்ட நூலின் நீளத்தையே உயரம் என்று எண்ணிக்கொள்வதும் வழக்கம். ஒரு கோணமானி, ஒரு சர்வே டேப், கொஞ்சம் பொறுமை இருந்தால் பிழையை ஐந்து சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிடலாம்.

அடிப்படை பத்தாம் வகுப்புக் கணக்குதான். பறக்கும் பொருளுக்கு நேர் கீழே உள்ள தரைப் புள்ளி நமக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பொருளைப் பார்க்கும் ஏற்றக்கோணம் தெரிய வேண்டும். தூரத்தை அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி, கண் மட்டத்தின் உயரத்தைக் கூட்டினால் விடை. 50 மீட்டர் தள்ளி நின்று 40° பார்த்தால் 50 × 0.839 = 42 மீட்டர்; கண் மட்டம் 1.5 மீட்டர், ஆக 43.5 மீட்டர். கணக்கு சுலபம். கோணத்தையும் தூரத்தையும் சரியாக எடுப்பதில்தான் வேலை இருக்கிறது.

சாய்வுமானி செய்வது

ஏற்றக்கோணத்தை அளக்கும் கருவிதான் சாய்வுமானி. அதற்குப் பள்ளிக்கூடப் பெட்டியில் வரும் கோணமானி போதாது. அதன் ஆரம் 5 செ.மீ.; விளிம்பில் ஒரு டிகிரிக்கு 1 மி.மீ.கூட இடம் இல்லை. 15 செ.மீ. ஆரத்தில் ஒரு அரைவட்ட அளவுகோலை அச்செடுத்து ஹார்டுபோர்டில் ஒட்டுங்கள். ஒரு டிகிரிக்கு 2.6 மி.மீ. கிடைக்கும், அரை டிகிரிவரை கண்ணாலேயே படிக்கலாம். அச்செடுத்த பிறகு ஆரத்தை ஸ்கேல் வைத்து எல்லாத் திசையிலும் சரிபாருங்கள். பிரிண்டர் ஒரு பக்கம் இழுத்திருந்தால் வட்டம் முட்டையாகிவிடும்.

நேர்விளிம்பின் மேல் 30 செ.மீ. நீள மின்வயர் பைப், 20 மி.மீ. அளவு, ஒட்ட வேண்டும். ஜூஸ் ஸ்ட்ரா வேண்டாம். அதன் வழியே அசையாத தென்னை மரத்தைப் பார்க்கலாம், சீறிப்போகிற ராக்கெட்டைப் பிடிக்க முடியாது. பைப்பின் முன் வாயில் இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுங்கள்.

மைய ஓட்டையிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டுக்குத் தையல் நூல் கட்டினால் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். மீன்பிடி சாமான் விற்கும் கடையில் மெல்லிய தங்கூசியும் (தூண்டில் நைலான் இழை) 50 கிராம் ஈயக்குண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கூசி மெலிசு, காற்று அதைப் பிடிப்பது குறைவு. குண்டு கனம், சீக்கிரம் நிலைக்கு வரும். பைப் படுக்கைமட்டமாக இருக்கும்போது நூல் 90-இல் நிற்கும் என்பதால், எண்களை மாற்றி அங்கே 0 என்று எழுதிவிடுவது நல்லது. ராக்கெட் உச்சியைத் தொடும் பதற்றத்தில் தொண்ணூறிலிருந்து கழிக்கப் போனால் தப்பு வரும்.

உச்சி வந்ததும் நூலைக் கட்டைவிரலால் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, பிறகு நிதானமாகப் படியுங்கள். பார்ப்பவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர் என்று இருந்தால் இன்னும் நல்லது.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வங்கக் கடலின் தொடுவானமே நமக்கு ரசமட்டம். மணலில் நின்று, கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க, தொடுவானத்தைப் பார்த்தால் அது உண்மையான படுக்கைமட்டத்துக்கு வெறும் 2 கலை, அதாவது ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு, கீழே இருக்கும். நம் கருவிக்கு அது பூஜ்யம்தான். பைப்பைத் தொடுவானத்தில் வைக்கும்போது நூல் 1.5 காட்டினால், அன்றைய எல்லாக் கோணத்திலும் 1.5 கழிக்க வேண்டும். போனில் உள்ள சாய்வு அளக்கும் ஆப் பயன்படுத்தினாலும் முதலில் இதைச் செய்யுங்கள். போனின் கவர் ஒரு பக்கம் தடித்திருந்தால் அதுவே ஒரு டிகிரி கொடுத்துவிடும்.

முழு முறையையும் ஒருமுறை பழகிப் பார்க்கப் புதுச்சேரியின் புதிய கலங்கரை விளக்கம் உதவும். 1979-இல் வந்தது, உயரம் சுமார் 48 மீட்டர். கோபுரத்தின் நடுவிலிருந்து 60 மீட்டர் தள்ளி நின்றால் உச்சி 38° பக்கம் வர வேண்டும். 60 மீட்டரைச் சுவரிலிருந்து அளந்துவிட்டு விடை ஏன் குறைகிறது என்று குழம்பாதீர்கள்.

எங்கே நிற்பது

கோணத்தில் ஒரு டிகிரி தப்பினால் உயரத்தில் எவ்வளவு தப்பும் என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 45° பக்கம் பார்த்தால் 3.5 சதவீதம். 20° அல்லது 70° என்றால் 5.4. 10° அல்லது 80°-இல் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே எதிர்பார்க்கும் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். ராக்கெட் 50 மீட்டர் போகும் என்றால் 50 மீட்டர். பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் பலரும் செய்கிற தவறு.

தூரத்தோடு திசையும் முக்கியம். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இதில்தான் நுழைகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். நம் கரையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். ஏவிய இடத்துக்கு நேர் மேலே ராக்கெட் நிற்காது, மேற்கே தள்ளப்படும். நீங்கள் ஏவுதளத்துக்கு மேற்கே, சவுக்குத் தோப்புப் பக்கம் 50 மீட்டரில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ராக்கெட் உண்மையில் 50 மீட்டர் உயரம் போய், 8 மீட்டர் உங்களை நோக்கி நகர்ந்துவிட்டது. இப்போது அது இருப்பது 42 மீட்டர் தூரத்தில். கோணம் 50° காட்டும். நீங்கள் 50-ஆல் பெருக்குவீர்கள், விடை 59.5. பத்தொன்பது சதவீதம் கூடுதல்! கோணத்தை எவ்வளவு நுட்பமாக எடுத்திருந்தாலும் பலன் இல்லை.

அதே ராக்கெட்டை ஏவுதளத்துக்கு வடக்கே 50 மீட்டரில், கரையோரமாக நின்று பார்த்திருந்தால்? அந்த 8 மீட்டர் உங்கள் பார்வைக்குக் குறுக்கே போகிறது. தூரம் 50-இலிருந்து 50.6 ஆகிறது, அவ்வளவுதான். பிழை ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆகவே காற்று கிழக்கு மேற்காக அடிக்கும்போது வடக்கு தெற்காக நில்லுங்கள். இதில் இன்னும் இரண்டு லாபம் உண்டு. அலை வந்து நின்ற ஈரக்கோடு ஏறக்குறைய ஒரே மட்டம்; அதை ஒட்டி டேப்பைப் பிடித்தால் ஏவுதளமும் நீங்களும் ஒரே உயரத்தில் இருப்பீர்கள், மணல் சரிவுக்குத் திருத்தம் வேண்டாம். இரண்டாவது, காற்று சாய்வுமானியின் பலகையை முகத்துக்கு நேராக அடிக்கும். தூக்குக்குண்டு நூல் கோணத்திசையில் விலகாது. பலகையின் பின்பக்கம் காற்றைப் பார்த்திருக்கட்டும், நூல் தொங்கும் பக்கம் மறைவில் இருக்கட்டும்.

தூரத்தைக் காலடி வைத்து எண்ணாதீர்கள். மணலில் கால் புதைவதால் ஒவ்வொரு அடியும் குறையும். நைலான் கயிறு இழுத்தால் நீளும். 50 மீட்டர் பைபர் டேப்தான் சரி. தூரத்தில் 2 சதவீதம் தப்பினால் உயரத்தில் அதே 2 சதவீதம் வந்து சேரும்.

கால்குலேட்டரைப் பற்றி ஒரு சொல். டேன் 45 போட்டுப் பாருங்கள். 1 வர வேண்டும். 1.62 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

இரண்டு பேர், இரண்டு இடம்

காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் சமாளிக்க வேண்டுமா? ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து பாருங்கள். ஏற்றக்கோணத்தோடு படுக்கைக்கோணமும் எடுக்க வேண்டும். ஒரு முக்காலியின் மேல் 360° வட்டம் ஒட்டிய பலகையை ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பொருத்துங்கள். அதன் நடுவில் சுழலும் தண்டில் சாய்வுமானி நிற்கட்டும். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே 100 மீட்டர். ஒவ்வொருவரும் மற்றவரின் கொடிக்கம்பத்தைப் பார்த்து வட்டத்தை 0-இல் வைத்துக்கொள்ள வேண்டும். ஏவுதளம் இந்த 100 மீட்டர் கோட்டின் மேலே இருக்கக் கூடாது, 50 மீட்டராவது விலகி இருக்கட்டும். கோட்டின் மேலேயே இருந்தால் படுக்கைக்கோணங்கள் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டிவந்து கணக்கு சிதறிவிடும்.

ஒரு உதாரணம். வடக்கு நிலையத்தில் படுக்கைக்கோணம் 40°, ஏற்றக்கோணம் 38°. தெற்கு நிலையத்தில் 50°, 42°. ராக்கெட்டுக்கு நேர் கீழ்ப்புள்ளி வடக்கு நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றால்: 100-ஐ எதிர் நிலையத்தின் படுக்கைக்கோணத்தின் சைனால் பெருக்கி, இரண்டு படுக்கைக்கோணங்களின் கூட்டுத்தொகையின் சைனால் வகுக்க வேண்டும். 100 × சைன் 50 ÷ சைன் 90 = 76.6 மீட்டர். அதை டேன் 38 (0.781) ஆல் பெருக்கினால் 59.8. தெற்கிலிருந்து அதே மாதிரி 64.3 × 0.900 = 57.9. இரண்டும் 2 மீட்டருக்குள் ஒத்துப்போகின்றன. சராசரி 58.9, கருவியின் உயரம் 1.4 சேர்த்தால் 60.3 மீட்டர்.

இந்த முறையின் அருமை அந்த இரண்டு விடைகளில்தான் இருக்கிறது. ஒருவர் உச்சியைத் தவறவிட்டு இறங்கும்போது பிடித்திருந்தால் விடைகள் முட்டிக்கொள்ளும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள். சராசரி எடுத்து ஒப்பேற்ற வேண்டாம். "இப்போ!" என்று ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, இருவரும் அந்த நொடியில் கையை நிறுத்துவது நல்ல பழக்கம், 100 மீட்டருக்கு அலைச் சத்தத்தில் குரல் எட்டாது, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவே அளந்த அடிக்கோட்டை நம்பித்தான் மற்ற எல்லாம் நிற்கிறது என்பதற்கு நம் ஊரே சாட்சி. இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னையில் சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை அளக்கத் தொடங்கி, அதை முடிக்க மட்டும் 57 நாள் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கரையோரம் இறங்கி வந்தவர், பூமியின் வளைவை அறிய வடக்கு தெற்காக அளந்த தன் முதல் தீர்க்கரேகை வில்லுக்குத் தென்முனையாக வைத்தது கடலூரை அடுத்த திருவந்திபுரத்தை.

பட்டத்துக்கு

பட்டம் ஓரளவு ஒரே இடத்தில் நிற்கும் என்பதால் ஒரே ஆள் போதும். பட்டத்தை நோக்கிய நேர்கோட்டில் ஒரு இடத்தில் கோணம் எடுங்கள். அதே கோட்டில் பின்னால் நடந்து மறுபடி எடுங்கள். நடந்த தூரத்தை, இரண்டு கோணங்களின் காட் மதிப்பு வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். காட் என்பது 1 ÷ டேன். முதலில் 60°, 30 மீட்டர் பின்னால் போய் 42° என்றால்: 1.111 கழித்தல் 0.577 = 0.534, 30 ÷ 0.534 = 56 மீட்டர்.

சோம்பல்பட்டு 10 மீட்டர் மட்டும் பின்னால் போகாதீர்கள். அதே பட்டம் அங்கிருந்து 53° காட்டும். அதை 54° என்று படித்துவிட்டால் விடை 67-க்குத் தாவிவிடும். 30 மீட்டர் நடந்திருந்தால் அதே ஒரு டிகிரிப் பிழை 4 மீட்டரோடு நின்றிருக்கும்.

நூலில் 10 மீட்டருக்கு ஒரு மார்க்கர் குறி போட்டு வைத்து, நூல் நீளத்தை ஏற்றக்கோணத்தின் சைனால் பெருக்குவதும் உண்டு. 100 மீட்டர் நூல், 50° என்றால் 76.6 மீட்டர். ஆனால் நூல் தொய்ந்து வளைந்துதான் போகும், ஆகவே கிடைப்பது உச்ச வரம்பு மட்டுமே. உண்மை இதற்குக் கீழே. கோணத்தைக் கையில் உள்ள நூலின் சாய்வை வைத்து எடுக்கக் கூடாது, பட்டத்தையே பார்த்து எடுக்க வேண்டும். பருத்தி நூல் போதும். நைலான் மாஞ்சாவுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை போட்டிருக்கிறது. இருசக்கர வண்டியில் போகிறவரின் கழுத்தை அறுக்கிற பொருள் அது.

கேமரா போன் இருந்தால் இன்னொரு வழி. ஒரு மீட்டர் ஸ்கேலை 10 மீட்டர் தூரத்தில் வைத்து, ஜூம் இல்லாமல் படம் எடுங்கள். படத்தில் அது எத்தனை பிக்சல் நீளம் என்று எண்ணுங்கள். 300 பிக்சல் என்றால் உங்கள் கேமராவின் எண் 300 × 10 = 3000. இனிப் பட்டத்தைப் படம் எடுங்கள். விரிந்து வளைந்த நிலையில் அதன் அகலம் 60 செ.மீ.; படத்தில் 24 பிக்சல். 3000 × 0.6 ÷ 24 = 75 மீட்டர் நேர்த்தூரம். 50°-இல் பறந்தால் 75 × 0.766 = 57 மீட்டர். பட்டத்தின் நெடுக்குக் குச்சியை அளக்காதீர்கள். அது காற்றில் சாய்ந்து நிற்பதால் படத்தில் குறுகித் தெரியும். குறுக்கு வில்லின் இரண்டு நுனிகளுக்கு நடுவே அளப்பதுதான் நம்பகம். போன் தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிட்டால் 3000 என்ற எண் செல்லாது.

கடிகாரம் மட்டும் வைத்து

2 லிட்டர் பாட்டிலில் செய்த தண்ணீர் ராக்கெட்டுக்கு, பாராசூட் இல்லையென்றால், ஏவியதிலிருந்து தரையைத் தொடும்வரை ஆன நொடிகளை எடுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, 1.225-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வரும். 5 நொடிக்கு 30.6 மீட்டர். கையால் நிறுத்தும் ஸ்டாப்வாட்சில் 0.2 நொடி தப்பினால் விடை 8 சதவீதம் மாறும். வீடியோ எடுத்து பிரேம் எண்ணுவது மேல். காற்றின் இழுவையை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, அதனால் இதைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்த மானி

பொருளோடு சேர்த்தே ஒரு கருவியை அனுப்ப முடிந்தால் பி.எம்.பி. 280 சென்சார் நல்ல தேர்வு. நகத்தளவுதான், எடை ஒன்றும் இல்லை. அழுத்த மாற்றத்தை 0.12 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குச் சொல்லும், அது ஒரு மீட்டர் உயரத்துக்குச் சமம். ஏவுவதற்கு முன் தரையில் பத்து அளவு எடுத்துச் சராசரி போடுங்கள். அது 1006.0, உச்சியில் 1001.0 என்றால் வித்தியாசம் 5.

இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் எல்லாம் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. அதன்படி 42.0 மீட்டர் வரும். கடலூரில் 32 டிகிரியில் காற்று விரிந்து லேசாக இருக்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்க 8.4 மீட்டர் போதாது, 8.9 மீட்டர் ஏற வேண்டும். ஆக உண்மை 44.5. நிரல் தரும் விடையை, செல்சியஸோடு 273 கூட்டி 288-ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்குங்கள். இங்கே அது 1.06.

காலையில் ஒருமுறை தரை அழுத்தம் எடுத்துவிட்டு மாலைவரை அதையே வைத்திருக்கக் கூடாது. நம் பகுதியில் அழுத்தம் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்கும் மாலை 4 வாக்கில் அடிமட்டத்துக்கும் தினமும் போய்வரும். 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலே தரையில் கிடக்கும் கருவி 25 மீட்டருக்கு மேல் "ஏறிவிட்டது" என்று சொல்லும். ஒவ்வொரு ஏவலுக்கும் புதிதாகப் பூஜ்யம் வையுங்கள். சென்சார் வெளிச்சத்துக்கும் அசையும். காற்று நேராக அடித்தாலும் அசையும். கறுப்பு ஸ்பாஞ்சால் மூடி, கூட்டின் பக்கவாட்டில் மூன்று நான்கு சிறு ஓட்டைகளைச் சுற்றிலும் சமமாகப் போடுங்கள். மூக்கில் போட்டால் எதிர்காற்றின் அழுத்தம் சேர்ந்து உயரம் குறைவாக வரும்.

ஜி.பி.எஸ். தரும் உயரம்

படுக்கைத் தூரத்தைவிட உயரத்தில் ஜி.பி.எஸ். ஒன்றரை, இரண்டு மடங்கு தடுமாறும். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று நம் கரையில் உண்டு. செயற்கைக்கோள்கள் அளப்பது பூமியின் கணித உருவமான நீள்கோளத்திலிருந்து. இந்தியாவின் தெற்கே கடலில் ஈர்ப்பு குறைவதால் கடல்மட்டம் அந்த உருவத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. மிக ஆழமான இடத்தில் 106 மீட்டர்வரை. புதுச்சேரி கரையிலும் 80 மீட்டருக்கு மேல் தாழ்வு. சில ஆப்கள் திருத்தாமல் அப்படியே காட்டும். காந்தி சிலை பக்கம் நின்றுகொண்டு உயரம் மைனஸ் எண்பது சொச்சம் என்று வந்தால் போன் கெட்டுவிடவில்லை. ஏவும் முன்பும் உச்சியிலும் எடுத்த அளவுகளின் வித்தியாசத்தை மட்டும் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தானே நீங்கும்.

டிரோன் திரையில் வருவது புறப்பட்ட இடத்திலிருந்து உள்ள உயரம். மூன்றாவது மாடி மொட்டைமாடியிலிருந்து கிளப்பினால் தரையிலிருந்து இன்னும் பத்து மீட்டர் சேர்க்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் வரம்பு 120 மீட்டர். லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால், புதுச்சேரியில் எங்கே பறக்கவிடுவதானாலும் டிரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பார்த்த பிறகே.

மேலே போகும் விமானம்

விமானங்களைப் பின்தொடரும் ஆப்பில் 35,000 அடி என்று வரும். அது காற்றழுத்தத்தை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் உயரம். எல்லா விமானமும் ஒரே அளவை வைத்துக்கொள்வதால்தான் ஒன்றின் மேல் ஒன்று பத்திரமாகப் போகின்றன. ஆனால் 35,000 அடி என்பது 10,668 மீட்டர். நம் வெப்ப மண்டலக் காற்றில் அது உண்மையில் இருப்பது சுமார் 500 மீட்டர் மேலே.

இதையும் கேமராவால் பிடிக்கலாம். நீண்ட ஜூமை ஒரே அளவில் வைத்து முதலில் முழு நிலவைப் படம் எடுங்கள். நிலவு 300 பிக்சல், அன்றைய அதன் கோண அகலம் 0.52° என்றால், 300-ஐ டேன் 0.52-ஆல் வகுக்க, கேமராவின் எண் சுமார் 33,000. நிலவின் அகலம் 0.49-இலிருந்து 0.56 டிகிரிவரை மாறும், அதனால் அன்றைய அளவை வானியல் ஆப்பில் பார்த்தே போட வேண்டும். ஏர்பஸ் ஏ320-இன் இறக்கை அகலம், நுனி வளைந்த வகைக்கு, 35.8 மீட்டர். தலைக்கு நேர் மேலே போகும்போது அது 105 பிக்சல் வந்தால் 33,000 × 35.8 ÷ 105 = 11,250 மீட்டர். ஒரு பிக்சல் தப்பினால் 100 மீட்டர் மாறும்; பத்துப் படம் எடுத்து, இறக்கை நுனிகள் கூர்மையாகத் தெரியும் மூன்றை மட்டும் அளவுக்கு எடுங்கள்.